ஆறாவது துண்டு

அந்தத் தொழிற்சாலையில் அவளுக்கு நசுக்கி என்று பெயர். வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த ஆள் ஒரு வாரத்துக்கு அவள் கண்ணில் படாமல் சுற்றியிருக்க வேண்டும். ஆனால் பெயர் பொருத்தமானதுதான். பதினோரு வருடமாக அவள் பார்த்த வேலை ஒன்றே ஒன்று: நல்ல பொருளை எடுத்து, இரண்டு முனையிலும் பிடித்து, அது உடையும்வரை அமுக்குவது. உடைந்ததும் எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்ததை எடுப்பாள். இங்கே சம்பளம் வாங்கிக்கொண்டு பொருளை உடைப்பது நான் ஒருத்திதான், மற்றவர்கள் எல்லாம் இலவசமாக உடைக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்வாள்.

அங்கே செய்வது கால்கள். முழங்காலுக்குக் கீழே இழந்தவர்கள் மாட்டிக்கொண்டு நடக்கவும் ஓடவும் செய்கிற, வில் போல வளைந்த கறுப்புக் கால்கள். தலைமுடியைவிட மெல்லிய கார்பன் நார்களை வரிசையாக வைத்துப் பசையில் தோய்த்த தாள்கள் சுருள் சுருளாக வரும். நாற்பது தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் படிய வைத்து, அடுப்பில் வைத்து இறுக்கி எடுத்தால் ஒரு கால்.

நசுக்கிக்கு இந்த நாரின் குணம் வீட்டு ஆட்களின் குணத்தைவிட நன்றாகத் தெரியும். இழுத்தால் இரும்பே அதனிடம் பிச்சை வாங்கவேண்டும். அமுக்கினால்தான் அதன் வண்டவாளம் வெளியே வரும். துடைப்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குச்சிகளை இரண்டு முனையிலும் பிடித்து இழுத்தால் ஒன்றும் ஆகாது. நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தினால் கட்டு எங்கே தளர்ந்திருக்கிறதோ அங்கே எல்லாக் குச்சியும் ஒரே பக்கமாக வளைந்து சாயும். கார்பன் நாரைச் சாயவிடாமல் பிடித்து வைத்திருப்பது பசைதான். நார் நேராக இருக்கிறவரை பசையும் பிடித்துக்கொள்ளும். நார் இரண்டு மூன்று பாகை கோணினால் போதும், அமுக்கத்தைத் தாங்கும் பலத்தில் கிட்டத்தட்ட பாதி காணாமல் போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. கண்ணாடி மாதிரி பளபளவென்றுதான் இருக்கும்.

அதே தொழிற்சாலையில், தாள் அடுக்கும் கூடத்தில், அவளுடைய நாத்தனார் வேலை பார்த்தாள். கணவனுடைய தங்கை. குருவி என்று வீட்டில் கூப்பிட்டு அதுவே ஊர்ப் பெயராகிவிட்டது. ஐம்பத்திரண்டு கிலோ உடம்பு, ஓயாத வாய், தாளில் ஒரு சுருக்கம் விழாமல் அடுக்குகிற விரல்கள். பத்தொன்பது வயதில் ஒரு சாலை விபத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவள். பதிமூன்று வருடமாக ஒரு கனத்த ரப்பர்ப் பாதத்தை இழுத்துக்கொண்டு நடக்கிறாள். மாலையானால் முழங்காலுக்குக் கீழே தோல் சிவந்து கன்றிப்போயிருக்கும். அவளுக்கு வாழ்க்கையில் ஒரு ஆசை இருந்தது, அதை ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாரிடமும் சொல்வாள்: கிளம்பிவிட்ட பஸ்ஸை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். இவ்வளவு வருடமாக ஊருக்கெல்லாம் கால் அடுக்கியவளுக்கு இந்த முறைதான் நிர்வாகம் ஒரு கால் கொடுக்க ஒப்புக்கொண்டிருந்தது. கால் பொருத்தும் நிலையத்தில் யாருடையதோ ஒரு பழைய வளைகாலை வாங்கி மூன்று மாதம் ஓடிப் பழகியும் விட்டாள். தன் காலைத் தானே அடுக்கினாள். வெள்ளிக்கிழமை மாட்டிக்கொள்வதாக ஏற்பாடு.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் காலுக்கான சோதனைத் துண்டுகள் நசுக்கியின் மேசைக்கு வந்தன. காலையே அமுக்கிப் பார்த்தால் கால் உடைந்துவிடும், அப்புறம் யார் மாட்டுவது? அதனால் பத்து வருடத்துக்கு முன்பு நசுக்கியே ஒரு விதி எழுதி வைத்திருந்தாள். ஒவ்வொரு கால் அடுக்கும்போதும் அதே கை, அதே நாளில், அதே சுருளிலிருந்து ஒரு சின்னத் தட்டைப் பலகையும் அடுக்க வேண்டும். பலகையை அறுத்து விரல் நீளத்தில் ஆறு துண்டு எடுத்து அமுக்கிப் பார்க்க வேண்டும். ஆறும் தாங்கினால் காலும் தாங்கும். துண்டு இயந்திரத்தின் பிடிக்குள்ளேயே நசுங்கி உடைந்தால் அது துண்டின் குற்றமில்லை, பிடித்த பிடியின் குற்றம். அந்த எண்ணைத் தள்ளிவிட்டு இன்னொன்று போடலாம்.

முதல் துண்டு இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து கிலோவில் டப்பென்று உடைந்தது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது எல்லாம் அந்த எண்ணுக்கு முன்னே பின்னே. குருவியின் கை என்றால் சும்மாவா என்று நசுக்கி உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள். வெளியே சொல்லமாட்டாள். நாத்தனாரை வாய்விட்டு மெச்சுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆறாவது துண்டு ஆயிரத்து முந்நூறில் உடைந்தது.

அந்த நேரம் பார்த்து மேலாளர் உள்ளே வந்தார். நல்ல மனிதர். எதற்கும் பதற மாட்டார், எதற்கும் முடிவும் சொல்ல மாட்டார். "பாத்துக்கலாம்" என்பார். அவர் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே அதுதான்.

திரையில் ஆறாவது எண்ணைப் பார்த்தார். துண்டை எடுத்துத் திருப்பினார். பிடியின் விளிம்பை ஒட்டி உடைந்திருந்தது.

"பிடி உடைவு மா இது. தள்ளிடுங்க. இன்னொண்ணு போட்டுப் பாத்துக்கலாம்."

"உள்ள உடையல சார். வெளிம்புல உடைஞ்சிருக்கு."

"வெளிம்புன்னா பிடிதான? உங்க விதிதான அது?"

அவளுடைய விதிதான். அதுதான் உறுத்தியது. நீங்களும் நானும் என்றால் தள்ளிவிட்டு அடுத்ததைப் போட்டிருப்போம். அவளும் இத்தனை வருடத்தில் பத்துப் பன்னிரண்டு எண்களை அப்படித் தள்ளியிருக்கிறாள். ஆனால் பிடியில் நசுங்கிய துண்டு கசங்கித் துடைப்பமாக விரிந்திருக்கும். இது அப்படியில்லை. கத்தியால் சாய்வாக வெட்டினாற்போல ஒரு கோடு, குறுக்கே. நார்கள் எல்லாம் ஒன்றாக ஒரே பக்கம் மடிந்து உடைந்த கோடு.

"தள்ளமாட்டேன் சார்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். மேலாளர் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

துண்டின் ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்து மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள். நாற்பது தாள்களும் நாற்பது கோடுகளாகத் தெரிந்தன. மேல் பக்கம் முப்பது கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி. கீழ்ப் பக்கம் பத்துக் கோடு மட்டும் மெல்ல ஏறி இறங்கி அலையாக ஓடியது, பின்னலை அவிழ்த்ததும் முடி நிற்குமே, அந்த மாதிரி. தட்டைப் பலகையில் அலை எங்கிருந்து வரும்? அதுவும் குருவி அடுக்கின பலகையில்?

துண்டு அறுப்பவரிடம் போனாள். அவரை எல்லாரும் மில்லிமீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கணக்கில் தப்பு வராது, அவர் பேச்சும் அளந்துதான் வரும்.

"ஆறாவது துண்டு எங்கேருந்து எடுத்தீங்க?"

"பலகைலேருந்து."

"நல்லா யோசிங்க."

மில்லிமீட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பலகை கொஞ்சம் குட்டையா வந்துருச்சு. அஞ்சுதான் தேறிச்சு. அதனால கால்ல ஓரம் சீவிப் போடுவோமே, அந்தத் துண்டுல வளைவு முடியிற எடத்துக்குப் பக்கத்துல நேரா ஒரு விரல் நீளம் இருந்துச்சு. அதுல எடுத்தேன். அதே தாளு, அதே கை. தப்பா?"

நசுக்கி அவர் கையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். மனிதர் பயந்துவிட்டார்.

"தப்பு இல்ல. பத்து வருஷத்துல இங்க நடந்த ஒரே சரியான வேலை அதுதான்."

ஐந்து துண்டு பலகையைப் பற்றிச் சொல்லின. ஒன்றுதான் காலைப் பற்றிச் சொல்லியது.

கூடத்துக்குப் போனாள். குருவி தன் மேசையில் உட்கார்ந்து வேறொரு காலுக்குத் தாள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் மீதியும் விளங்கிவிட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு தாளையும் வளைந்த அச்சின்மேலேயே வைத்து, உருளையால் தேய்த்துப் படிய வைப்பார்கள். ஒரு காலுக்கு முழு நாள் நின்றபடி வேலை. போன மாதம் குருவி ஒரு புது வழி கொண்டுவந்தாள்: மேசையில் தட்டையாக நாற்பதையும் அடுக்கிவிடுவது, லேசாகச் சூடுபண்ணுவது, மொத்தமாகத் தூக்கி அச்சில் வைத்து வளைத்து அழுத்திவிடுவது. இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும், உட்கார்ந்தே செய்யலாம். எல்லாரும் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அந்த வழியில் இதுவரை ஒன்பது கால்கள் ஆகிவிட்டன. ஒன்பதும் இன்னும் யாருக்கும் போகாமல் கிட்டங்கியில் இருந்தன, ஒன்று அவளுடையது.

"ஒரு புத்தகத்த வளைச்சுப் பாத்திருக்கியா?" என்றாள் நசுக்கி, முன்னுரை எதுவும் இல்லாமல்.

"வணக்கம் அண்ணி. நான் நல்லா இருக்கேன்."

"வளைச்சா பக்கமெல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு வழுக்கும். ஓரம் படிப்படியா நிக்கும். வழுக்க விடாம ரெண்டு ஓரத்தையும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வளைச்சா என்ன ஆகும்? உள்பக்கத் தாளுக்குப் போக எடம் இல்ல. சுருங்கும். உன் தாள் பசையில ஒட்டிக்கிட்டு இருக்கு. வழுக்காது. கால்ல ஏறி நிக்கும்போது அமுக்கம் விழுறது அதே உள்வளைவுலதான். நார் கோணலா இருக்குற எடமும் அதேதான்."

குருவியின் கை நின்றது. அவளுக்குப் புரியவில்லை என்பதில்லை. முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. அதுதான் கோபம்.

"அஞ்சு நல்லா வந்துச்சாமே. மேலாளர் சொன்னாரு. ஒண்ணு பிடி உடைவாம்."

"அவரு சொன்னாரு. நான் சொன்னேனா?"

"ஒரு துண்ட வெச்சுக்கிட்டு என் கால நிறுத்துறீங்களா?"

"ஒம்பது காலையும் நிறுத்துறேன். உன் கால மட்டும் நிறுத்தினாத்தான் நீ கோபப்படணும்."

"சூடு பண்ணித்தான் வளைக்கிறேன். சூட்டுல பசை இளகும், தாள் வழுக்கும். எனக்குத் தெரியும். என் கை எனக்குத் தெரியும்."

"என் மெஷின் எனக்குத் தெரியும்" என்றாள் நசுக்கி.

அன்று மாலை வீட்டில் சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொல்லவேண்டுமென்றால், ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். ஓயாமல் பேசுகிறவள் பேசவில்லை. எதையும் விட்டுக்கொடுக்காதவள் தண்ணீர்க் குவளையைத் தானே எடுத்து நாத்தனார் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதுவே அந்த வீட்டில் பெரிய செய்தி. நசுக்கியின் கணவன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர், எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இந்த இரண்டு இயந்திரங்களையும் சரிசெய்ய மட்டும் அவனுக்கு இன்றுவரை வழி தெரியவில்லை.

"யாராவது ஒருத்தர் விட்டுக்குடுங்களேன்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான்.

"அண்ணிகிட்ட சொல்லுண்ணா. நான் ஒத்தக்கால்ல நிக்கிறவ, என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது."

இப்படித் தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள், மற்றவர்கள் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் திண்டாடுவார்கள். நசுக்கி சிரித்தேவிட்டாள். குருவி சிரிக்கவில்லை. நேராக அண்ணியைப் பார்த்தாள்.

"காலையில உங்க மெஷின்ல ஒரு முழுக்கால வைங்க. நானூத்தி அம்பது கிலோ தாங்கணும், அதான சட்டம்? வைங்க. நின்னுச்சுன்னா நான் மாட்டிக்குவேன்."

"சரி. ஒம்பதுல எத வைக்கிறது?"

"மத்த எட்டும் அடுத்தவங்களுது. என்னோடத வைங்க."

நசுக்கிக்கு அப்போதுதான் உண்மையில் பயம் வந்தது. இயந்திரம் சொல்லப்போவது என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது சரியாகச் சொல்லிவிட்டால் நாளைக் காலை இவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை. முதல் முறையாகத் தன் எண் தப்பாக இருந்தால் தேவலை என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் பட்டாள்.

புதன் காலை சோதனை அறையில் ஆறேழு பேர் கூடிவிட்டார்கள். மேலாளரும் மில்லிமீட்டரும் சுவரோரம் நின்றார்கள். குருவி நாற்காலி போட்டு இயந்திரத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். காலின் மேல்முனை மேல் பிடியில், நுனி கீழே எஃகுத் தட்டில், முன்னால் கனத்த கண்ணாடித் தடுப்பு. நசுக்கி காலை ஒருமுறை தடவிப் பார்த்தாள். அழகான கால். ஒரு குமிழ் இல்லை, ஒரு கீறல் இல்லை. ஓரத்தில் யாருக்கும் தெரியாத மாதிரி குருவி ஒரு சின்னச் சிறகு செதுக்கியிருந்தாள்.

"போடவா?"

"போடுங்க."

ஐம்பது. கால் மெல்ல வளைந்து கொடுத்தது. எண்பது, நூறு, நூற்றிருபது. யாரோ இருமினார்கள். நூற்றைம்பதில் ஒரு சின்னச் சத்தம், நகத்தைச் சொடுக்கினாற்போல. குருவி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குத் தெரியும்.

"நிறுத்தவா?" என்றாள் நசுக்கி மெதுவாக.

"வேண்டாம்."

நூற்றுத் தொண்ணூறில் உடைந்தது. உள்வளைவில், குறுக்கே, சாய்வாக. ஒரு நொடி கால் காலாக இருந்தது, அடுத்த நொடி இரண்டு கறுப்புத் தகடு.

ஐம்பத்திரண்டு கிலோ ஆள் ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் காலில் விழுவது அதைப்போல மூன்று மடங்கு. பஸ் படிக்கட்டில் தாவி ஏறினால் அதற்கும் மேலே. இந்தக் கணக்கைப் போட அங்கே யாருக்கும் காகிதம் தேவைப்படவில்லை.

குருவி எழுந்து வந்து உடைந்த துண்டை எடுத்தாள். உடைந்த வாயிலிருந்து உள்பக்கத் தாள்களை நகத்தால் நெம்பி உரித்தாள். அலை வெறும் கண்ணுக்கே தெரிந்தது. ரொம்ப நேரம் அதை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். அழுவாள் என்று நசுக்கி நினைத்தாள். அழுதிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

"மீதி எட்டு இருக்கு" என்றாள் குருவி. "அதுல ஒண்ணு ஒரு டீச்சருக்கு. மூணாவது மாடியில வகுப்பாம். போன வாரம் அளவு சொல்ல வந்தப்ப எங்கிட்ட பேசிக்கிட்டு இருந்தாங்க." மேலாளர் பக்கம் திரும்பினாள். "சார், அந்த எட்டையும் அறுத்துப் போட்டுருங்க."

மேலாளர் வாயைத் திறந்தார். என்ன சொல்லப்போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மனிதர் அதைச் சொல்லவில்லை. "எட்டு பேருக்கும் நானே ஃபோன் பண்ணிச் சொல்றேன்" என்றார். அன்றைக்கு அவர் எல்லார் கண்ணிலும் ஒரு முழம் உயர்ந்தார்.

எல்லாரும் போன பிறகு நசுக்கி அலமாரியிலிருந்து தன் விதித்தாளை எடுத்து மேசையில் விரித்தாள். குருவி போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.

"தப்பு உன்னுது இல்ல. நீ வேலை செய்யற விதத்த மாத்தின. மாத்தினதுல தப்பு வந்தா பிடிக்கிறதுக்குத்தான் நான் இருக்கேன். கால் வளைஞ்சது, நான் பத்து வருஷமா தட்டையா இருக்கிறத அமுக்கிப் பாத்துக்கிட்டு ஆகா ஓகோன்னு இருந்தேன். மில்லிமீட்டருக்குத் துண்டு குறையலன்னா உனக்கு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருப்பேன்."

தட்டைப் பலகை என்ற வரியை அடித்தாள். காலின் வளைவிலிருந்தே துண்டு எடுக்க வேண்டும், ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு முழுக்காலை உடைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினாள். பிடி உடைவு என்ற வரிக்குப் பக்கத்தில், மைக்ராஸ்கோப்பில் பார்க்காமல் எந்த எண்ணையும் தள்ளக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கை நடுங்கியது. தான் எழுதினதைத் தானே அடிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

குருவி எட்டிப் படித்தாள். "நடுங்கின கையெழுத்து செல்லாது அண்ணி" என்றாள். அதைக் கேட்டதும் நசுக்கிக்கு உயிர் வந்தது. இவள் திரும்பப் பேச ஆரம்பித்துவிட்டாள், இனி எதுவும் ஆகலாம்.

"பழைய மாதிரியே அடுக்கறேன்" என்றாள் குருவி. "ஒவ்வொரு தாளா, அச்சுமேலயே. ரெண்டு கால் அடுக்கறேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு எனக்கு."

"நாள் முழுக்க நிக்கணுமே. உன் கால் தாங்காதே."

"தாங்காதுதான். அதனாலதான அந்த மேசை வழியையே கண்டுபிடிச்சேன். ஊருக்கு நேரம் மிச்சமாகுதுன்னு சொன்னேன். யாருக்கு மிச்சம்? எனக்கு வலிச்சுது. அத வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாமல் இருந்திருக்கிறோமே என்று நசுக்கிக்கு மனது வலித்தது. "அச்சு ஏன் அவ்ளோ உயரத்துல இருக்கு?" என்று கேட்டாள்.

ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. முதன்முதலில் அச்சைப் பூட்டினவர்கள் நெட்டையான ஆட்கள், நின்று வேலை செய்தார்கள், அவ்வளவுதான். மதியம் நசுக்கியின் கணவன் ரம்பத்தோடு வந்து அச்சுத் தாங்கியின் நான்கு கால்களிலும் ஒன்றரைச் சாண் அறுத்து எடுத்தான். நாற்காலியில் உட்கார்ந்தால் அச்சு சரியாகக் குருவியின் நெஞ்சு உயரத்துக்கு வந்தது. வேலை அரை மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. இவ்வளவு பெரிய தொழிற்சாலையில் இந்த அரை மணி நேர வேலை இத்தனை வருடமாக ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை என்று அவன் எல்லாரையும் ஒரு பாட்டம் திட்டினான். தன்னையும் சேர்த்துத்தான்.

வியாழனும் வெள்ளியும் குருவி அடுக்கினாள். ஒரு தாள் வைப்பாள், உருளையால் நடுவிலிருந்து வெளியே தேய்ப்பாள், அச்சோடு கன்னத்தை ஒட்டி வைத்து ஒளியில் பார்ப்பாள், அடுத்த தாள். நசுக்கி இடையிடையே வந்து பார்த்துவிட்டுப் போனாள். மேசையில் தேநீர் ஆறிக் கிடந்தால் சூடாக மாற்றி வைத்தாள். இரண்டாவது காலின் நாற்பதாவது தாளை வைத்து முடித்தபோது குருவியின் பத்து விரலும் வீங்கியிருந்தன. கால் வீங்கவில்லை.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு கால்களும் அடுப்பிலிருந்து வந்து, ஓரம் சீவி, நசுக்கியின் மேசையில் அக்கம்பக்கமாக இருந்தன. வளைவிலிருந்து அறுத்த துண்டுகளின் ஓரத்தில் அலை இல்லை. முழுக்கால்தான் பாக்கி.

"எத உடைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க. மத்தத நான் மாட்டிக்கிறேன்" என்றாள் குருவி.

நசுக்கி இரண்டையும் விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வித்தியாசம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நல்லதைத்தான் நாத்தனாருக்கு வைத்திருப்பாள், அதையும் நேர்மை இல்லை என்று பிறகு மனது குத்தியிருக்கும். இந்த வேலையில் இதுதான் கொடுமை. எதைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்துகொள்கிறோமோ அது கையில் மிஞ்சுவதில்லை. மிஞ்சுவதைப் பற்றி எந்த எண்ணும் கிடையாது. இடது பக்கம் இருந்ததை எடுத்தாள்.

பிடியில் பூட்டினாள். கண்ணாடித் தடுப்பை இறக்கினாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நூறு. நூற்றைம்பது. நூற்றுத் தொண்ணூறு வந்தபோது மூச்சை அடக்கிக்கொண்டாள். இருநூறு. கால் வில்லாக வளைந்ததே தவிர முணுமுணுக்கக்கூட இல்லை. முந்நூறு, நானூறு, நானூற்றைம்பது. பின்னால் கணவனின் ஸ்பேனர் சத்தம் கேட்டது. எதையோ பழுது பார்க்கிறான் போலிருக்கிறது என்று திரும்பவில்லை. ஐந்நூறு. அறுநூறு. அறுநூற்று நாற்பதில் அறையே அதிர்கிற மாதிரி வெடித்தது. நேர்மையான வெடிப்பு.

"அறுநூத்தி நாப்பது" என்று திரும்பினாள்.

கேட்கவேண்டியவள் அங்கே இல்லை. நாற்காலி காலி. தரையில் அந்தக் கனத்த ரப்பர்ப் பாதம் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் கணவன் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு திருட்டு முழி முழித்தான்.

"நானூத்தி அம்பது தாண்டினதும் பூட்டுன்னு சொன்னா. சட்டம் அவ்ளோதானன்னு கேட்டா. நான் என்ன பண்ணட்டும்?"

வெளியே நீண்ட நடைவழியில் சத்தம் கேட்டது. ஒரு செருப்புச் சத்தம், ஒரு தட்டல். செருப்பு, தட்டல். முதலில் விட்டு விட்டு, பிறகு விடாமல். நசுக்கி ஓடிப்போய்ப் பார்த்தாள். குருவி அந்தக் கோடி வரைக்கும் ஓடி, கையைச் சுவரில் அறைந்து நின்று, திரும்பிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வியர்வை. நசுக்கிக்குக் கண்ணில் பொலபொலவென்று கொட்டியது. துடைக்கவும் இல்லை.

"பொருத்தறவர் பாக்கறதுக்கு முந்தி ஏன்டி ஓடற? கொஞ்சம் நட, கொஞ்சம் நில்லு."

"நிக்கத்தான் அண்ணி தெரியல" என்று அந்தக் கோடியிலிருந்து கத்தினாள் குருவி. "பழகினப்போ ரெண்டு பக்கமும் கம்பி இருந்துச்சு. இது தள்ளுது. நிறுத்தினா விழுந்துருவேன் போல இருக்கு."

நசுக்கி நடைவழியின் நடுவில் வந்து நின்றாள். இரண்டு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டாள். கைகளை நீட்டினாள்.

"நிறுத்தாத. அப்படியே வா. என்மேல வந்து மோது."

"தாங்குவீங்களா?"

"வாடி."

குருவி வந்தாள். ஐந்தாவது எட்டில் வேகம் பிடித்தது, பத்தாவது எட்டில் முடியெல்லாம் பின்னால் பறந்தது, ஐம்பத்திரண்டு கிலோவும் குறையாமல் வந்து அண்ணியின் நெஞ்சில் இடித்தது. நசுக்கி இரண்டு அடி பின்னால் வழுக்கிப் போனாள். விழவில்லை.